யார் தரும் இலவசம்?

“பிள்ளையைப் பெத்தவங்க பாத்துக்க மாட்டாங்களா? அதுக்கும் கவர்மென்ட் காசு கொடுக்கணுமா?” குழந்தைக் காப்பகத்துக்கு அரசு மானியம் வேண்டும் என்று பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வந்து விழும். நம் வீடுகளில் பாட்டி இருக்கிறாள், பிள்ளை வளர்ப்புக்குச் செலவே கிடையாது, மானியம் என்பது இன்னொரு இலவசம் என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை. அது தப்புக் கணக்கு.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தார். பேரனுக்கு ஆறு மாதம் முடிந்ததும் மகள் துணிக்கடை வேலைக்குத் திரும்பினாள். அம்மாள் கடையை மூடினார். இன்று பையன் படிக்கட்டை நோக்கித் தவழும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். முழங்காலில் எப்போதும் தைல வாசனை. கேட்டால், “சும்மாதானே தம்பி இருக்கேன்” என்பார். மகளின் சம்பளம் குடும்பக் கணக்கில் ஏறுகிறது. நின்றுபோன இட்லி வியாபாரம் எந்தக் கணக்கிலும் இல்லை. இதற்குத்தான் செலவில்லாத வளர்ப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். பாட்டி இல்லாத வீட்டில் கைக்குழந்தை பத்து வயது அக்காவின் இடுப்பில் ஏறுகிறது. அவள் பள்ளிக்கூடம் போவது நிற்கிறது.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2017-இல் வந்த திருத்தம் 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் செலவு பெரும்பாலும் முதலாளி தலையில். செலவுக்கு அஞ்சும் முதலாளி பெண்ணை வேலைக்கு எடுக்காமலே இருந்துவிடலாம். நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்கும் களை பறிப்பவருக்கும் சட்டம் சொல்லும் அந்த முதலாளியே கிடையாது.

அவர்களுக்குத் தமிழ்நாட்டில் இருப்பது முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 18,000 ரூபாய். அது தீர்ந்த பிறகு, அங்கன்வாடி படியேறப் பிள்ளைக்கு இரண்டு வயது ஆக வேண்டும். அதுவரை அங்கே கிடைப்பது சத்துமாவுப் பொட்டலம். தூளி கட்ட இடமில்லை. இரண்டு வயதுக்குப் பிறகும், காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு அங்கன்வாடி நேரம் ஒத்துவராது. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்த 2022-இல் மத்திய அரசு வைத்த ‘பால்னா’ திட்டத்தின் இலக்கு 17,000. நாட்டில் அங்கன்வாடிகள் ஏறக்குறைய 14 லட்சம். நூற்றுக்கு ஒன்றரைகூடத் தேறவில்லை.

மானியமே கூடாது என்று பேசுகிறவர்கள் தங்கள் வருமான வரிக் கணக்கைக் கொஞ்சம் புரட்டட்டும். பழைய வரிமுறையில் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம். பிளே ஸ்கூல் கட்டணமும் அதில் சேரும் என்று வரித் துறையே விளக்கியிருக்கிறது. அரசு விட்டுக்கொடுக்கும் அந்த வரி மானியமில்லாமல் வேறென்ன? வரி கட்டுகிறவர் வாங்கினால் சலுகை, பாத்திரம் தேய்ப்பவர் கேட்டால் இலவசமா?

“பெத்தவங்க சோறு போட மாட்டாங்களா” என்ற கேள்வியையும் இந்த மண் கேட்டிருக்கிறது. காமராஜர் 1956-இல் மதிய உணவைத் தொடங்கினார், எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவாக விரித்தபோது வீண்செலவு என்றார்கள். இன்று அதை மூடச் சொல்லி ஓட்டுக் கேட்க ஒரு கட்சிக்காவது துணிச்சல் உண்டா?

கனடாவின் கியூபெக் மாகாணம் 1997-இல் நாளுக்கு 5 டாலரில் குழந்தைக் காப்பகம் கொடுத்தது. வேலைக்குப் போகும் தாய்மார் பெருகினார்கள். செலவில் ஒரு பங்கு வரியாகத் திரும்பியது. இடங்கள் கூடிய வேகத்தில் தரம் கூடவில்லை என்ற குறையும் அங்கே எழுந்தது. நமக்கு அது முக்கியமான எச்சரிக்கை. மத்திய அரசு அங்கன்வாடிப் பணியாளருக்குத் தருவதற்கு இன்றும் ‘மதிப்பூதியம்’ என்றே பெயர். அவர்களுக்கு ஒழுங்கான சம்பளம் தராமல் காப்பகம் திறந்தால், பாட்டியின் சுமையை இன்னொரு பெண்ணின் முதுகுக்கு மாற்றியதாகவே ஆகும்.

கேட்பது பெரிதில்லை. ஆறு மாதக் குழந்தையையும் ஏற்கும் அங்கன்வாடி, தாயின் வேலை நேரத்துக்கு ஏற்ற நேரம், கூடுதலாக ஓர் ஆயா, அவருக்கு முழுச் சம்பளம். இதையும் இலவசம் என்று ஏசுகிறவர்கள் தாராளமாக ஏசலாம். அதற்கு முன், தங்கள் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு ஏசட்டும்.