சிகிச்சைக் குறிப்பு: விதிகள் உண்டு, வழக்கம் இல்லை

புது தில்லி: தெற்கு கோல்கத்தாவின் கரியாஹாட் பகுதியில் மருந்துக் கடைகளை ஒட்டிய சிறு அறைகளில் மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். 'சேம்பர்' எனப்படும் அந்த அறையிலிருந்து நோயாளி எடுத்துச் செல்வது ஒரு மருந்துச் சீட்டு. அதில் நோயின் பெயரும் நிறுத்தப்பட்ட மருந்தும் இடம்பெறுவது மருத்துவரின் பழக்கத்தைப் பொறுத்தது.

அந்த நோயாளி மேல்சிகிச்சைக்காக வேலூருக்கோ சென்னைக்கோ ரயிலேறும்போதுதான் சிக்கல் தெரிகிறது. மேற்கு வங்கத்திலிருந்து ஆண்டுதோறும் பெருந்திரளானோர் இவ்வாறு வருகின்றனர். முந்தைய விவரம் இல்லையெனில் பரிசோதனைகள் மறுபடியும் செய்யப்படுகின்றன; செலவு குடும்பத்தின் தலையில் விழுகிறது.

விதிகளுக்குப் பஞ்சமில்லை. கோரினால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்கிறது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நெறிமுறை. மத்திய அரசு 2013-ல் வெளியிட்டு, 2016-ல் திருத்திய மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகள், பதிவிலுள்ள தகவல் நோயாளிக்கே உரியது என்கின்றன. ஆனால் பின்பற்றாதவர்களுக்குத் தண்டனை எதையும் அவை விதிக்கவில்லை. 2021 செப்டம்பரில் நாடெங்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தில் சேர்வதும் விருப்பத்தின் பேரில்தான். மேற்கு வங்கத்தின் 2017-ம் ஆண்டு மருத்துவ நிறுவனச் சட்டம் மின்னணுப் பதிவை வலியுறுத்துகிறது. எனினும் ஆவணங்களைக் கையில் ஒப்படைப்பது பற்றி அது பேசுவது, மருத்துவமனையிலிருந்து நோயாளி வீடு திரும்பும் வேளையை முன்வைத்தே.

அமெரிக்கா வேறு வழியில் சென்றது. 2009-ம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊக்கத்தொகை பெற விரும்பிய மருத்துவர்கள், பாதிக்கும் மேற்பட்ட வருகைகளுக்கு 3 வேலை நாள்களுக்குள் சுருக்கக் குறிப்பு அளிக்க வேண்டியிருந்தது. பணம் கிடைத்ததால் கணினி வந்தது. ஆயினும் சதவீதக் கணக்குக்காக அச்சிடப்பட்ட பக்கங்கள் நோயாளிக்குப் புரியவில்லை என்ற குறை எழுந்தது. 2015-ல் அந்தத் தனி நிபந்தனை கைவிடப்பட்டது.

இதில் இந்தியாவுக்குப் பாடம் உண்டு. மென்பொருள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நோய், கொடுத்த மருந்து, நிறுத்திய மருந்து, செய்ய வேண்டிய பரிசோதனை, அடுத்த வருகை ஆகிய ஐந்து வரிகளைத் தெளிவாக எழுதித் தந்தாலே போதும். தெளிவான மருந்துச் சீட்டு நோயாளியின் அடிப்படை உரிமை என்று பஞ்சாப்-ஹரியாணா உயர் நீதிமன்றம் 2025-ல் கூறியது. அந்த உரிமை கரியாஹாட்டின் சிறு அறை வரை சென்று சேர்ந்தால்தான், தில்லியில் வகுக்கப்படும் தரநிலைகளுக்குப் பொருள் இருக்கும்.