சீமைக்குப் போன சரக்கு

வேலூரிலிருந்து ஆம்பூர் வழியாக வாணியம்பாடிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? தோலுக்குப் பேர் போன வட்டாரம் அது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெகு காலம் அங்கிருந்து பாதிச் சரக்காகவே கப்பலேறியது. சீமைக்காரர்கள் அதற்கு மெருகேற்றிப் பூட்ஸாக்கி லாபத்தைத் தட்டிக்கொண்டார்கள். "முழுச் சரக்காக இங்கேயே செய்தால் என்ன?" என்று யோசித்தது, 1972-இல் அமைந்த சீதாராமையா கமிட்டி. மறு வருஷமே பாதிச் சரக்கு ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. பிறகுதான் நம் ஊர் ஷூக்கள் கப்பலேறத் தொடங்கின.

தோலின் கதை இது. மூளையின் கதை மட்டும் வேறா, என்ன? நாம் படிக்க வைக்கிறோம். பலன் எங்கேயோ போகிறது!

அதே வேலூரில் 1910-இல் பிறந்தவர் மால்கம் ஆதிசேஷையா. தகப்பனார் ஊரீசு கல்லூரியில் பிரின்சிபாலாக இருந்தவர். பிள்ளையும் அங்கே படித்து, சென்னை லயோலாவில் படித்து, பிறகு லண்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் போனார். கல்கத்தாவிலும், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பொருளாதாரம் கற்பித்தார். 1948-இல் யுனெஸ்கோ அழைத்தது. 1963-இல் அதன் துணை டைரக்டர் ஜெனரல் ஆனார். பாரிஸில் உத்தியோகம், உலகத்து மந்திரிகளுக்கெல்லாம் யோசனை சொல்லும் பதவி. வேறென்ன வேண்டும்?

ஆனால் 1970-இல் மனுஷர் ஊர் திரும்பிவிட்டார்! சேமித்த பணத்தைப் போட்டு, மனைவி எலிசபெத்துடன் 1971-இல் சென்னை அடையாறில் வளர்ச்சி ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். சென்னை சர்வகலாசாலைத் துணைவேந்தராக இருந்தபோது, 1978-இல் கல்லூரிகள் சிலவற்றுக்குத் தன்னாட்சி கிடைத்தது. அதே வருஷம் ராஜ்ய சபைக்கு நியமன அங்கத்தினரானார். இடையிடையே புத்தகங்கள், வருஷந்தோறும் தேசப் பொருளாதாரத்தைப் பற்றிய மதிப்பீடு என்று பேனா ஓயவில்லை.

அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: தேசம் வளர்ந்ததா என்பதற்கு, ஏழையின் நிலை என்ன என்பதே விடை. தோலை ஊறப்போடும் தொழிலாளிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராதபோது, ஏற்றுமதிக் கணக்கு எவ்வளவு ஏறினால் என்ன? முதியோர் கல்வியை அவர் அவ்வளவு பெரிதாக நினைத்தார். 1994-இல் அவர் காலமான பிறகு, யுனெஸ்கோ தன் எழுத்தறிவுப் பரிசு ஒன்றுக்கு அவர் பெயரையே சூட்டியது.

வெளிநாடு போவது தப்பா? தப்பேயில்லை. அவரும் இருபது வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தவர்தான். ஆனால் சம்பாதித்த அனுபவத்தை முழுச் சரக்காக ஊருக்குக் கொண்டுவந்து இறக்கினார். உங்கள் வீட்டுப் பிள்ளை அடுத்த தடவை லீவில் வரும்போது, இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்களேன். உடனே பெட்டியைக் கட்ட மாட்டான். கொஞ்சம் யோசிக்கவாவது செய்வான் அல்லவா?