தொண்டை கரகரப்பும் எச்.பி.வி. பயமும்

மக்களே, இன்னைக்கு கொஞ்சம் கூச்சமான மேட்டர். ஆனா பேசித்தான் ஆகணும்.

நம்ம வயசுல ஒருத்தருக்கு வாய்வழி உறவு நடந்திருக்குன்னு வெச்சுக்குங்க. நாலு நாள் கழிச்சு தொண்டை கரகரங்குது. போடியில யார்கிட்ட சொன்னாலும் முதல்ல கையில ரெண்டு ஏலக்காயைத்தான் கொடுப்பாங்க. உள்ளுக்குள்ள ஓடுற பயம் ஏலக்காய்க்கு அடங்குமா? ராத்திரி கூகுள்ல தேடினா "எச்.பி.வி., தொண்டைப் புற்றுநோய்"னு வந்து நிக்கும். அப்புறம் எங்க தூங்கறது?

என் கருத்து இதுதான். பயப்படறது தப்பில்லை. தப்பான விஷயத்துக்குப் பயப்படறோம்.

எச்.பி.வி.யில 200 வகைக்கு மேல இருக்கு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இதுதான் காரணம்னு கண்டுபிடிச்ச ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008ல நோபல் பரிசே கிடைச்சது. தொண்டைப் புற்றுநோய்லயும் 16ஆம் வகைக்குப் பங்கு உண்டு. ஆனா தொத்தினவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஓரிரு வருஷத்துல உடம்பே அதை விரட்டிடும். மிச்சம் இருக்கிற சிலருக்கும் புற்றுநோயா மாற பல வருஷம் ஆகும். நாலு நாள்ல வர்ற வலி அதோட வேலை இல்லை. அறிகுறி இல்லாதவங்க தொண்டையில எச்.பி.வி. இருக்கான்னு பார்க்க அங்கீகரிச்ச டெஸ்டும் கிடையாது.

பெரும்பாலும் அது சாதாரண சளி, இல்லைன்னா அசிடிட்டி. ஆனா கொனோரியா, சிபிலிஸ், எச்.ஐ.வி. இதெல்லாம் தொண்டையில காட்டலாம். இதுக்கெல்லாம் டெஸ்ட் இருக்கு. முதல் ரெண்டும் ஆன்டிபயாடிக்ல குணமாகும். எச்.ஐ.வி. பயம்னா 72 மணி நேரத்துக்குள்ள டாக்டரைப் பார்த்து தடுப்பு மருந்து வேணுமான்னு கேக்கணும். கூகுள்ல தேடியே அந்த மூணு நாளையும் கழிச்சிடறோம்.

ஏன் போறதில்லை? ஊர் சின்னது. மருந்துக்கடை அண்ணன் அப்பாவுக்குத் தெரிஞ்சவர். பொண்ணுங்க போனா "கல்யாணம் ஆயிடுச்சா?"ங்கறதுதான் முதல் கேள்வி. இந்தக் கூச்சத்தை நம்பித்தான் லாட்ஜ்ல ரூம் போட்டு "ரகசிய வைத்தியம்" பண்றவங்க பொழைக்கிறாங்க. அவங்ககிட்ட போறதுக்கு, தேனிக்கு பஸ் ஏறி க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்கே போயிடலாம். அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல எச்.ஐ.வி. டெஸ்ட் இலவசம். விவரத்தை வெளிய சொல்லக்கூடாதுன்னு 2017ல வந்த சட்டமே இருக்கு. நேர்ல கேக்க கூச்சமா? 1097க்கு போன் போடுங்க.

டாக்டர்கிட்ட "தொண்டை வலி"ன்னு மட்டும் சொல்லாதீங்க. நடந்ததைச் சொன்னாத்தான் சரியான டெஸ்ட் எழுதுவார். குரல் மாற்றம், விழுங்க சிரமம், கழுத்துல கட்டி, இதுல எது மூணு வாரம் தாண்டினாலும் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க.

எச்.பி.வி.க்குத் தடுப்பூசியும் இருக்கு. சீரம் இன்ஸ்டிடியூட்டோட செர்வாவேக்குக்கு 2022ல அனுமதி கிடைச்சது. 9 வயசுல இருந்து 26 வரைக்கும், ஆண் பெண் ரெண்டு பேருக்கும். ஏற்கெனவே தொத்தினதை அது குணப்படுத்தாது, இனிமே வர்றதைத் தடுக்கும். 14 வயசுப் பொண்ணுங்களுக்கு இலவசமா போடறதா தமிழக அரசு 2025 பட்ஜெட்ல அறிவிச்சது நல்ல விஷயம். ஆனா வைரஸைக் கடத்தறதுல பசங்களுக்கும் சம பங்கு இருக்கே, ஊசி மட்டும் ஏன் பொண்ணுங்களுக்கு?

பி.கு: இந்தியாவுல வாய்ப் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகையிலைதான். எச்.பி.வி. டென்ஷன்ல தம் அடிக்கிறவங்க கவனிக்க :-)