கிலோ என்ன விலை, விமானத்தின் முகம்?

பி.காம். படிக்கிறவனுக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விமானம் எப்படிப் பறக்கிறது என்பதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பறந்து முடித்த விமானத்தை நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் இன்றைய விஷயம். ஏலம், எடை, விலை... இதெல்லாம் எங்கள் ஏரியா :-)

வெளிநாடுகளில் ஒரு பொழுதுபோக்கு உண்டு. பழைய போர் விமானங்களின் கருவிப் பலகைகளைத் தேடிப்பிடித்து, துடைத்து, பழுது பார்த்து, மறுபடி முழுமையாக்கி வைப்பது. பைலட்டின் முகத்துக்கு நேரே வட்ட வட்டமாக மீட்டர்கள் பதித்திருக்குமே, அந்தப் பலகைதான். இங்கிலாந்தில் நியூஆர்க் என்ற ஊரில் உள்ள விமான அருங்காட்சியகத்தில் காக்பிட்டுகளுக்கென்றே ஒரு திருவிழா நடத்தியிருக்கிறார்கள். வீட்டுக் கொட்டகையில் வைத்துச் சரிசெய்த காக்பிட்டை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருவார்கள், நம் ஊரில் பழைய அம்பாசடர் கார்களை ஊர்வலம் விடுவது போல.

இதில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு உதாரணம் சொல்கிறேன். அல்டிமீட்டர் என்பது உயரம் காட்டும் மீட்டர். அதற்குள்ளே மெல்லிய தகட்டால் ஆன, காற்று நீக்கிய ஒரு டப்பா இருக்கும். மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், டப்பா விரியும், பல்சக்கரங்கள் அந்த விரிவைப் பெரிதாக்கி முள்ளை நகர்த்தும். அவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். 60 வருடம் பழைய அல்டிமீட்டர் கெடாமல் இருந்தால், பெரும்பாக்கத்தில் என் மேஜை மேல் இருந்துகொண்டே வேலை செய்யும். வங்கக் கடலில் புயல் உருவாகி நம் பக்கம் வரும்போது காற்றழுத்தம் 10 மில்லிபார் குறைந்தால், மேஜை சுமார் 80 மீட்டர் மேலே போய்விட்டது என்று அது காட்டும். கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல் வானத்தைப் படிக்கிற ஒரு பொருளை இரும்புக் கடையில் போட எப்படி மனசு வரும்?

ஆனால் போடுகிறோம்.

எங்களுக்கு முதல் வருடத்திலேயே தேய்மானம் சொல்லித்தருகிறார்கள். வாங்கிய விலையில் ஸ்கிராப் மதிப்பைக் கழித்து, ஆயுட்காலத்தால் வகுக்க வேண்டும். ஆயுள் முடிந்தால் புத்தகத்தில் மிஞ்சுவது அந்த ஸ்கிராப் மதிப்பு மட்டும். கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கில் ஞாபகத்துக்கு ஒரு பத்தி கிடையாது.

ஞாபகத்துக்கு விலையே இல்லையா என்றால், இருக்கிறது. ஐ.என்.எஸ். விக்ராந்த் என்ற நம் பழைய விமானந்தாங்கிக் கப்பல் மும்பையில் அருங்காட்சியகமாக இருந்தது. பராமரிக்க முடியவில்லை என்று 2014ல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு உடைக்க விற்றார்கள். அதன் உலோகத்தில் ஒரு பகுதியை பஜாஜ் கம்பெனி வாங்கி உருக்கி, 2016ல் 'வி' என்ற பைக்கின் பெட்ரோல் டேங்கில் சேர்த்தது. அந்த உலோகத்தைச் சொல்லித்தான் விளம்பரமே. அதாவது கப்பலாக இருந்தபோது சுமையாகத் தெரிந்த சரித்திரம், உருக்கிய பிறகு விற்பனைச் சரக்காகிவிட்டது! கப்பலைக் காப்பாற்ற ஆள் இல்லை, கப்பலின் பெயருக்கு வாடிக்கையாளர் இருந்தார்கள்.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். தாம்பரம் விமானப்படைத் தளம் எங்கள் வீட்டிலிருந்து ரொம்ப தூரமில்லை. பைலட்டுகளுக்குக் கற்றுத்தரும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி 1954லிருந்து அங்கேதான் இருக்கிறது. டெக்னீஷியன்களுக்குப் பயிற்சி தரும் நிலையமும் அங்கே உண்டு. பக்கத்திலேயே குரோம்பேட்டை எம்.ஐ.டி. அங்கே பாடம் காட்டுவதற்காக நிறுத்தி வைத்திருந்த இரண்டு ஓய்வுபெற்ற விமானங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் தனக்கு விமானப் பொறியியல் மேல் ஆசை வந்தது என்று அப்துல் கலாம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இரண்டு பழைய விமானங்களை எடைக்குப் போடாமல் வைத்திருந்ததில் கிடைத்த லாபம் என்ன என்று எந்த ஆடிட்டரால் கணக்குப் போட முடியும்?

இன்னொரு கணக்கு. கடற்படையின் டி.யு.-142 என்ற ராட்சத ரோந்து விமானங்கள் பல வருடங்கள் அரக்கோணத்திலிருந்து பறந்தன. 2017 மார்ச்சில் அங்கேயே விடை கொடுத்தார்கள். அதில் ஒன்று இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கலாம். ஆந்திராக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பொறாமைதான். சென்னையில் என்ன இருக்கிறது? கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் ஒரு மாருத் நிற்கிறது, இந்தியாவிலேயே வடிவமைத்த முதல் ஜெட் போர் விமானம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைச் சுற்றி ஓடுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். றெக்கையும் வாலும் தெரிகிறது. ஆனால் பைலட் எதைப் பார்த்து முடிவெடுத்தார் என்பது கீழே நிற்கும் பிள்ளைக்குத் தெரிய வழியில்லை. ஒரு விமானத்துக்கு முகம் என்று ஒன்று உண்டென்றால் அது மூக்கு அல்ல, உள்ளே இருக்கும் அந்தப் பலகைதான்.

'அப்போ சட்டம் போட்டுப் பாதுகாக்கலாமே' என்பீர்கள். 1972ம் வருடத்து தொல்பொருள் சட்டப்படி பொதுவாக 100 வருடம் ஆன பொருள்தான் தொல்பொருள். 1963ல் நம் விமானப்படைக்கு வந்த மிக்-21ன் மீட்டர் அந்தத் தகுதி பெற 2063 ஆக வேண்டும். அதுவரை அது வெறும் அலுமினியம், பித்தளை, கண்ணாடி. ஆகவே இப்போதைக்கு இதைக் காப்பாற்றப் போவது சட்டம் இல்லை, தனி மனிதர்களின் கிறுக்குத்தனம்தான்.

அந்தக் கிறுக்குத்தனத்துக்கும் சில ஒழுங்குகள் வேண்டும் என்பது என் கட்சி.

ஒன்று, பலகையைப் பிரிக்கக்கூடாது. தனித்தனி மீட்டராக விற்றால் அதிகம் கிடைக்கும் என்பது வியாபாரிக்குத் தெரியும். ஆனால் எந்த மீட்டருக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதே ஒரு பாடம். பிரிட்டிஷ் விமானப்படை 1930களின் இறுதியில் ஆறு முக்கியக் கருவிகளை ஒரே வரிசைமுறையில் எல்லா விமானத்திலும் வைக்க ஆரம்பித்தது. மேகத்துக்குள் கண் தெரியாமல் பறக்கும்போது எந்த விமானத்தில் ஏறினாலும் கண் பழகிய இடத்துக்கே போக வேண்டும் என்பதற்காக. பிரித்து விற்றால் மீட்டர் மிஞ்சும், அந்த யோசனை செத்துவிடும்.

இரண்டு, புதுசாக்கக்கூடாது. பெயிண்ட் உரிந்த இடத்தில்தான் பைலட்டின் கை பட்டிருக்கிறது. துருவை நிறுத்தலாம், ஓடாததை ஓட வைக்கலாம், ஆனால் எல்லாவற்றுக்கும் பளபளவென்று கறுப்பு ஸ்ப்ரே அடித்தால் அது நாடகக் கொட்டகை சாமான்தான். அப்புறம், ஓட வைக்கிறேன் பேர்வழி என்று மின்சாரக் கருவியை வீட்டு பிளக்கில் செருகிவிடாதீர்கள். வீட்டில் வருவது 230 வோல்ட், 50 சைக்கிள். விமானத்து ஜைராக்களில் பல 400 சைக்கிளுக்குச் செய்தவை.

மூன்று, ரேடியம். இது விளையாட்டல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்து மீட்டர்களில் எண்கள் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த பெயிண்ட் பூசினார்கள். இன்று அவை ஒளிராது, ஏனென்றால் கூடவே கலந்த துத்தநாக சல்பைடு செத்துவிட்டது. ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 வருடம். ஒளி போய்விட்டது, கதிர்வீச்சு போகவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டினால் அந்தத் தூள் மூச்சில் போகும். அமெரிக்காவில் இந்தப் பெயிண்ட் பூசிய பெண்கள் 1920களில் எப்படிச் செத்தார்கள் என்று தேடிப் படித்துப் பாருங்கள். பழைய சாமான்தானே என்று அலட்சியமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2010ல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு ஏலத்தில் வந்த ஆய்வுக்கூடக் கருவி ஒன்றில் கோபால்ட்-60 இருந்தது. பிரித்த இடத்தில் பலர் பாதிக்கப்பட்டு ஒருவர் இறந்தே போனார். அது ரேடியத்தை விடப் பலமடங்கு கடுமையான விஷயம், ஆனால் பாடம் ஒன்றுதான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழுப்பேறிய எண்களோடு பழைய மீட்டர் எதையாவது பார்த்தால், திறக்காதீர்கள்.

நான்கு, இதை எழுதத்தான் எனக்குத் தயக்கம். விபத்தில் போன விமானத்தின் பாகம் சேகரிப்புப் பொருள் ஆகாது. 2016 ஜூலை 22ம் தேதி தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் காணாமல் போனது. ஏழரை வருடம் கழித்து, 2024 ஜனவரியில், நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி சுமார் 3400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் ஏ.என்.-32 ரக விமானத்தின் சிதைவுகள் தெரிந்தன. அந்தப் படங்களை 29 குடும்பங்கள் எப்படிப் பார்த்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறவன், எந்த மீட்டரையும் வெறும் ஷோகேஸ் அலங்காரமாகப் பார்க்க மாட்டான். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கருவியை வாங்கக்கூடாது என்று நான் சொல்வதும் இதனால்தான்.

கடைசியாக ஒன்று. 62 வருடம் பறந்த மிக்-21க்கு 2025 செப்டம்பர் 26ம் தேதி சண்டிகரில் விடை கொடுத்துவிட்டார்கள். முழு விமானமெல்லாம் வேண்டாம். கருவிகள் பிரிக்காத ஒரே ஒரு காக்பிட்டை, கூரைக்குக் கீழே, பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி தென்சென்னையில் ஒரு கல்லூரிக்கோ அறிவியல் மையத்துக்கோ கொடுத்தால் போதும். கொடுப்பது அரசின் கையில் இருக்கிறது.

நம் கையில் இருப்பது வேறொன்று. விமானப்படையில் 'இன்ஸ்ட்ரூமெண்ட் ஃபிட்டர்' என்றே ஒரு பிரிவு இருந்தது. இந்த மீட்டர்களைத் திறந்து மூடியே வாழ்க்கையைக் கழித்தவர்கள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் பக்கமெல்லாம் ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர்கள் குடியிருக்கிறார்கள். உங்கள் தெருவிலோ வீட்டிலோ அப்படி ஒரு தாத்தா இருந்தால், ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். எந்த முள் எப்போது நடுங்கும், எந்த ஸ்க்ரூவை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். பலகையைப் பத்து வருடம் கழித்துக்கூட எங்காவது தேடிப்பிடிக்கலாம். அவர் போய்விட்டால் அதைச் சரிசெய்யச் சொல்லித்தர ஆள் இருக்காது.