அப்பா, அம்மாவுக்கு எந்த டி.வி., நெட் இணைப்பு?

“என் பெற்றோர் இருவரும் 70 வயதைத் தாண்டியவர்கள். தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார்கள். இப்போது கேபிள் டி.வி. உள்ளது. ‘கேபிளை எடுத்துவிடுங்கள். டி.வி., இன்டர்நெட், வீட்டு போன் மூன்றையும் ஒரே இணைப்பில் தருகிறோம். 15 ஓ.டி.டி.யும் சேர்த்து வரும்’ என்று ஒரு நிறுவனத்தினர் சொல்கிறார்கள். நான் வேலை பார்ப்பது ஓசூரில். இதை வாங்கலாமா?”

- வாசகர், பொள்ளாச்சி பகுதி

இன்டர்நெட் கொடுக்கலாம். ஆனால், ஓடிக்கொண்டிருக்கும் கேபிளை எடுக்க வேண்டாம். மாதம் இருநூறு, முந்நூறு ரூபாய் கூடுதலாகப் போனாலும், பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு டி.வி. ஒரு வழியிலும் நெட் வேறொரு வழியிலும் வருவதே நல்லது.

மூன்றும் ஒரே கண்ணாடி இழை ஒயரில் வருவது நகரத்து அடுக்குமாடி வீட்டுக்குப் பொருந்தும். தோட்டத்து வீட்டுக்கு அந்த ஒயர் கம்பம் கம்பமாகத் தாவி, தென்னந்தோப்புக்கு நடுவேதான் வந்து சேரும். ஒரு மட்டை விழுந்தாலே அறுந்துவிடும். உயரமாக வைக்கோல் ஏற்றிவரும் டிராக்டர் இழுத்துக்கொண்டு போய்விடும். அணில் கடிக்கும். புதைத்துக் கொண்டுவந்தாலும், சாலையோரம் ஜே.சி.பி. தோண்டும் நாளில் தப்பாது. பழைய கேபிள் ஒயர் அறுந்தால், ஊர் கேபிள்காரர் பைக்கில் வந்து முனையைச் சீவி, ஒரு கனெக்டர் போட்டு, பத்து நிமிடத்தில் படம் வரவைத்துவிடுவார். கண்ணாடி இழையை அப்படி முறுக்கி டேப் சுற்ற முடியாது. இரண்டு முனைகளையும் உருக்கி ஒட்டத் தனி இயந்திரம் வேண்டும். அதை வைத்திருக்கும் ஆள் வர வேண்டும். அவர் வரும்வரை டி.வி., நெட், போன் மூன்றும் சேர்ந்தே நிற்கும். தோப்புக்குள் செல்போன் சிக்னலும் ஒரு கோடு, அரைக் கோடு என்றுதான் இருக்கும் என்றால், அந்த வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்கும் அன்றைக்கு வெளியுலகத் தொடர்பே இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல ஊர்களில் கேபிள்காரர்களின் முக்கிய லைனும் இப்போது கண்ணாடி இழைக்கு மாறிவிட்டது. நெட் கொடுப்பவரும் கேபிள் கொடுப்பவரும் ஒரே ஆள், ஒரே கம்பம், ஒரே லைன் என்றால், இரண்டு பில் கட்டுவதுதான் மிச்சம். அப்படிப்பட்ட ஊரில் டி.வி.க்கு டி.டி.ஹெச். டிஷ் வைத்துக்கொள்வது சரி. கனமழை கொட்டும்போது டிஷ்ஷில் படம் கட்டம் கட்டமாக உடையும். ஆனால், மழை விட்டதும் தானாகவே வந்துவிடும். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. டிஷ்ஷுக்கு முன்னால் முருங்கையோ மாமரமோ வளர்ந்து மறைக்காமல் ஆண்டுக்கு ஒருமுறை கிளையைக் கழித்துவிட்டால் போதும்.

இனி வீட்டு போன். பழைய பி.எஸ்.என்.எல். தரைவழி போனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருந்து அந்தச் செம்புக் கம்பியிலேயே வரும். ஊரே இருட்டில் கிடந்தாலும் போன் வேலை செய்யும். வயதானவர்கள் பலர் இன்னும் அந்த நினைப்பிலேயே இருக்கிறார்கள். கண்ணாடி இழையில் வரும் போன் அப்படியல்ல. வீட்டுச் சுவரில் மாட்டும் சின்னப் பெட்டிக்குக் கரன்ட் இருந்தால்தான் நெட்டும் வரும், போனும் வரும். கரன்ட் போன அடுத்த நொடியே இரண்டும் போய்விடும். நள்ளிரவில் நெஞ்சு வலிக்கிறது என்று கூப்பிட எண்ணி ரிசீவரை எடுத்தால் சத்தமே இருக்காது. விற்க வருகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. இதற்கு மருந்து, ‘மினி யு.பி.எஸ்.’ என்று கடைகளில் கிடைக்கும் கையடக்கப் பெட்டிதான். நெட் பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 12 வோல்ட். அதைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டி, அதற்குப் பொருந்துவதை வாங்க வேண்டும். கரன்ட் போனாலும் சில மணி நேரம் தாங்கும். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால், நெட் பெட்டியின் பிளக் அந்த லைனில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

ஒயரே வேண்டாம், மாடியில் ஆன்டெனா வைத்து 5ஜி மூலம் நெட் தருகிறோம் என்று சொல்லும் ‘ஏர் ஃபைபர்’ இணைப்புகளும் கிராமங்களுக்கு வர ஆரம்பித்துவிட்டன. டவருக்கும் வீட்டுக்கும் நடுவே அடர்ந்த தோப்பு இருந்தால் சிக்னல் குறையும். மழையில் நனைந்த ஓலை இன்னும் தடுக்கும். ஆகையால், வெயில் நாளில் வந்து வேகத்தை அளந்து காட்டிவிட்டுப் போவதை மட்டும் நம்பி ஓராண்டுப் பணத்தைக் கட்ட வேண்டாம். முதலில் ஒரே ஒரு மாதம். அந்த மாதத்தில் ஒரு மழையும் ஒரு மின்வெட்டும் வந்து போகட்டும். ‘ஆறு மாதம் கட்டினால் பொருத்தும் கட்டணம் இலவசம்’ என்று ஆசை காட்டுவார்கள். அந்தச் சலுகையை விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை.

வேகம் எவ்வளவு தேவை என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஹெச்.டி. தரத்தில் ஒரு படம் தடையில்லாமல் ஓட நொடிக்கு 5 எம்.பி. வேகம் இருந்தால் போதும். பேரப் பிள்ளைகளுடன் வீடியோ காலில் பேச இதைவிடக் குறைவாகவே ஆகும். எனவே, இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு 30 எம்.பி. வேகம் என்பதே தாராளம். 100, 200 என்று ஏறும் ஒவ்வொரு படியும் வீண் செலவு. அந்த 5 எம்.பி. வேகத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறக்குறைய 2.25 ஜி.பி. செலவாகும். தினமும் நான்கு மணி நேரம் என்றால் மாதத்துக்கு 270 ஜி.பி. ‘செல்போனில் இருக்கும் நெட்டையே டி.வி.க்குக் கொடுத்துவிடலாமே’ என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தினம் 2 ஜி.பி. தரும் செல்போன் திட்டம், டி.வி.யில் ஒரு மணி நேரத்துக்குக்கூடத் தாங்காது.

15 ஓ.டி.டி. என்பதைப் பொறுத்தவரை, அதில் அப்பாவும் அம்மாவும் எதைப் பார்ப்பார்கள் என்று அவர்களிடமே கேட்டுவிடுவது நல்லது. இரவுச் செய்தி, இரண்டு சீரியல், ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய படம் என்றால், 15-ல் 13-க்குக் கொடுக்கும் பணம் ஓசூரில் இருந்து விடுமுறைக்கு வருகிறவர் பார்ப்பதற்குத்தான். தவறில்லை. பெற்றோருக்கு என்று சொல்லி வாங்காமல் இருந்தால் சரி. விளம்பரத்தில் இருக்கும் தொகைக்கு மேல் 18% ஜி.எஸ்.டி. உண்டு என்பதும் நினைவில் இருக்கட்டும். 499 ரூபாய் என்றால் கையில் இருந்து போவது 588 ரூபாய் 82 காசு.

கேபிளிலும் டி.டி.ஹெச்.சிலும் செலவைக் குறைக்க இடமுண்டு. மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ‘டிராய்’ கொண்டுவந்த விதிகள் 2019-ம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளன. அதன்படி, கட்டணச் சேனல்களைத் தனித்தனியாகவும் தேர்ந்தெடுக்கலாம். ‘இந்தப் பேக்கேஜ்தான் இருக்கிறது’ என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பார்க்காத கிரிக்கெட் சேனலும், புரியாத பிறமொழிச் சேனல்களும் போனாலே பில் இறங்கும். பெற்றோர் ஒரு மாதம், இரண்டு மாதம் மகன் வீட்டுக்குப் போய்த் தங்குவதாக இருந்தால், அந்தக் காலத்துக்கு இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும்படி முன்கூட்டியே கேட்கலாம். அதற்கும் விதி இருக்கிறது. கேட்பவர்கள்தான் குறைவு.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ரிமோட். இதில்தான் அதிகமான வீடுகள் சிக்குகின்றன. கேபிள் பெட்டியில் ஆன் செய்தால் நேற்றுப் பார்த்த சேனல் வந்து நிற்கும். நெட்டில் ஓடும் பெட்டியில் முதலில் ஒரு முகப்பு வரும். அதில் பத்துப் படங்களின் விளம்பரம் ஓடும். அம்புக்குறியை நகர்த்தி, உள்ளே போய், மறுபடி உள்ளே போனால்தான் சேனல். நடுவில் ‘அப்டேட் செய்யவா?’ என்று ஆங்கிலத்தில் கேட்கும். கண் மங்கி, விரல் நடுங்கும் வயதில் இது தினசரித் தண்டனை. ஒருமுறை தவறி ‘சோர்ஸ்’ பொத்தானை அழுத்திவிட்டால் திரை நீலமாகிவிடும். டி.வி. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் உண்டு. பிள்ளைகளைத் தொந்தரவு செய்யக் கூடாதே என்ற எண்ணம். ஆகவே, வாங்கும் முன் பெட்டியையும் ரிமோட்டையும் ஒருநாள் அம்மாவின் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் யாரும் உதவாமல் அவரே சீரியலைக் கண்டுபிடித்தால் வாங்கலாம். மகனோ மருமகளோ இயக்கிப் பார்ப்பது கணக்கில் வராது.

எந்த இணைப்பாக இருந்தாலும், எண் பொத்தான் உள்ள ரிமோட்டாகக் கேட்டு வாங்குவது நல்லது. பார்க்கும் ஆறு, ஏழு சேனல்களின் எண்களை ஓர் அட்டையில் பெரிதாக எழுதி டி.வி.க்குப் பக்கத்தில் ஒட்டலாம். சேனல் எண்ணை அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால் பென்சிலில் எழுதுவது உத்தமம். ‘சோர்ஸ்’ பொத்தான் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் பாதி போன் கால் குறையும். 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி இன்னும் சில வீடுகளில் ஓடுகிறது. அதில் இருப்பது வட்டத் துளைகள்தான். ஹெச்.டி.எம்.ஐ. துளை கிடையாது. நெட் பெட்டி அதில் சேருமா என்று முன்பே கேட்காவிட்டால், பெட்டிக்காகப் புது டி.வி. வாங்கும்படி ஆகிவிடும்.

இணைப்பை எந்தப் பெயரில் எடுத்தாலும், பதிவு செய்யும் செல்போன் எண் மகனுடையதாக இருக்கட்டும். ரீசார்ஜ் நினைவூட்டலும் ஓ.டி.பி.யும் அங்கே போவதே பாதுகாப்பு. ‘உங்கள் பெட்டி இன்று இரவோடு நின்றுவிடும், இந்த லிங்க்கை அழுத்துங்கள்’ என்று பெரியவர்களைக் குறிவைத்து வரும் மோசடி அழைப்புகள் இப்போது அதிகம். ‘எங்களுக்குத் தெரியாது, மகனிடம் கேளுங்கள்’ என்ற ஒரே பதிலைப் பழக்கிவிட வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். டி.வி.யில் வங்கிக் கார்டையோ, தானாகப் பணம் எடுக்கும் வசதியையோ சேர்த்து வைக்கவே கூடாது.

கடைசியாக, பழுது என்றால் யார் வருவார், எங்கிருந்து வருவார்? விற்பனைக்கு வந்தவரிடம் அல்ல, அதே இணைப்பை ஏற்கெனவே வாங்கியிருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் இதைக் கேட்க வேண்டும். அவருக்குப் போன முறை அறுந்தபோது எத்தனை நாளில் சரிசெய்தார்கள் என்பதைவிட நம்பகமான விளம்பரம் வேறில்லை.

“மாதச் சந்தா இல்லாத டி.டி. இலவச டிஷ் மட்டும் போதுமா? வீட்டில் அப்பா மட்டும்தான் இருக்கிறார்.”

- வாசகர், மன்னார்குடி பகுதி

அப்பா என்ன பார்ப்பார் என்பதைப் பொறுத்தது. டிஷ், பெட்டி, பொருத்தும் கூலி என்று ஒருமுறை செலவு செய்தால் போதும். பிறகு மாதக் கட்டணம் கிடையாது. ரீசார்ஜ் முடிந்து பாதியில் நிற்கும் தொல்லையும் இல்லை. பொதிகை என்ற பெயரில் இருந்து 2024-ல் டி.டி. தமிழ் என்று மாறிய சேனல் இதில் வரும். ஆனால், தனியார் தமிழ்ச் சேனல்கள் குறைவு. சன் டி.வி. போன்ற கட்டணச் சேனல்கள் வராது. பொருத்தும் முன் கடைக்காரரிடம் ஓடும் பெட்டி ஒன்றில் தமிழ்ச் சேனல்களை மட்டும் வரிசையாகப் போட்டுக் காட்டச் சொல்லி, அப்பாவையும் உடன் அழைத்துப் போய்ப் பார்ப்பது நல்லது. அவர் வழக்கமாகப் பார்க்கும் செய்திச் சேனல் அதில் இல்லையென்றால், கேபிளே இருக்கட்டும்.