கல்யாணப் பாட்டுக்குக் கணக்கு வேண்டாமா?

முகூர்த்த மாதம் பிறந்தால் கூடவே இந்த வம்பும் பிறந்துவிடுகிறது. கல்யாண வீட்டில் பாட்டு போட்டால் ராயல்டி கட்ட வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்று 2019இல் மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை ஓர் அறிவிப்பு விட்டது. பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2022இல் அதை ரத்து செய்தது. துறை அடங்கியதா? 2023 ஜூலையில் அதே சரக்கை மறுபடி இறக்கியது. அதைப் பிடித்துக்கொண்டு கோவா அரசு 2024 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை அனுப்ப, ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு அதையும் ரத்து செய்தது. இவ்வளவு நடந்த பிறகும் ஓட்டல்காரர்களும் ‘ஈவென்ட்’ நடத்துகிறவர்களும் பாடும் பல்லவி மாறவில்லை. கல்யாணம் புனிதமாம். அங்கே போய்ப் பாட்டுக்குக் காசு கேட்பது பாவமாம்.

வம்புக்கு வித்து பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் ஒரு மூலையில் இருக்கிறது. மதச் சடங்கில் ஒரு பாட்டைப் பாடினாலோ ஒலிபரப்பினாலோ அது உரிமை மீறல் ஆகாது. அது நியாயம்தான், கோயிலில் பஜனை பாடுகிறவரிடம் யாரும் பில் நீட்டக் கூடாது. ஆனால் கூடவே ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள்: கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தை ஒட்டிய மற்றக் கொண்டாட்டங்களும் மதச் சடங்கில் சேர்த்தி. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மெஹந்தி, சங்கீத், நள்ளிரவு டிஜே வரை எல்லாவற்றையும் வேள்வி ஆக்கிவிட்டார்கள். ஐந்து நட்சத்திர ஓட்டலின் நீச்சல் குளக் கரையில் புகை இயந்திரம் வைத்து ஆடுவது எந்த ஆகமத்தில் வருகிறது என்று துறை சொன்னால் தேவலை.

எனக்கு ராயல்டி வசூலிக்கும் சங்கங்கள் மேல் தனிப் பாசம் ஒன்றும் கிடையாது. இந்தச் சண்டையில் யாருமே பேசாத ஒருவரைப் பற்றித்தான் என் கவலை. மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரு பெண், சொந்தமாக எழுதி, மெட்டமைத்து, கிடாரோடு பாடுகிறவர். சினிமாக்காரர் இல்லை, சபாக்காரர் இல்லை, தெருக்கூத்தும் இல்லை. பிழைப்பு ரிசப்ஷன் மேடையில். கீபோர்டு, ரிதம் பேட், ஒரு கிடார், இரண்டு குரல். ஏழு மணிக்குத் தொடங்கினால் பத்து வரை. யாரோ ஒரு மாமா கை துடைத்த டிஷ்யூ பேப்பரில் பாட்டுப் பெயரை எழுதிக் கொடுத்தனுப்புவார். மொய் எழுதுகிறவர் பெயர் காதில் விழவில்லை என்று சவுண்டைக் குறைக்கச் சொல்லி ஆள் அனுப்புவார். இவர் ஒருநாள் ட்ரூப் ஓனரிடம், “அண்ணே, என் பாட்டு ஒண்ணு பாடிக்கவா?” என்று கேட்டிருக்கிறார். “யாருக்கும் தெரியாத பாட்டை இங்க யாரும்மா கேப்பா? அடுத்தது ராஜா சார் பாட்டு, ஆரம்பி” என்று பதில். சாப்பாடு கடைசிப் பந்தியில். அதற்குள் ஐஸ்கிரீம் தீர்ந்திருக்கும்.

அவருக்கு இப்போது கல்யாணம் பேசியிருக்கிறார்கள். நாள் பார்ப்பதில் வந்தது சிக்கல். நம் ஊரில் ரிசப்ஷன் பெரும்பாலும் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை. ஜோசியர் நல்ல நாள் என்று குறித்துக் கொடுக்கிற ஒவ்வொரு நாளும் அவருக்கு முன்பே அட்வான்ஸ் வாங்கிய நாள். தன் கல்யாணத்துக்கு ஒரு தேதி எடுத்தால் சீசனின் நல்ல சம்பளம் ஒன்று போகும். கூட வாசிக்கும் பையன்களும் அன்று வேறு மண்டபங்களில் இருப்பார்கள். ஆடியில் வைத்துக்கொள்ளலாம் என்றால் வீட்டில் அடிக்க வருவார்கள். தவிர, ஆடியில் அம்மன் கோயில் கச்சேரிகள் இருக்கின்றன. மிச்சம் புரட்டாசியும் மார்கழியும். அந்த இரண்டு மாதங்களில்தான் சொந்தப் பாட்டைப் பதிவு செய்ய அவருக்கு நேரம் கிடைக்கிறது. பதிவு என்றால் ஸ்டூடியோ என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குள் பீரோவைத் திறந்து வைத்து, தொங்கும் சேலைகளுக்கு முன்னால் மைக்கை நிறுத்தி, ஜன்னலில் கம்பளியைக் கட்டி, மின்விசிறியை அணைத்துவிட்டு, வியர்வை வழிய நள்ளிரவுக்கு மேல் பாடுவது. நாலரை மணிக்குப் பக்கத்து வீட்டில் மாநகராட்சித் தண்ணீருக்காக மோட்டார் போட்டால் அன்றைய வேலை முடிந்தது.

மாப்பிள்ளை வீட்டார் இரண்டே கேள்விதான் கேட்டார்களாம். “கல்யாணத்துக்கு அப்புறமும் ராத்திரி கச்சேரிக்குப் போவியாம்மா?” இரண்டாவது, “நிலையான வருமானம்னு என்ன இருக்கு?” முதல் கேள்வியைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது. இரண்டாவதைப் பார்ப்போம், அதற்குப் பொறுப்பு மாப்பிள்ளை வீட்டார் அல்ல, அரசு.

என் கட்டுரைகளைப் படிக்கிறவர்களுக்கு 507 என்ற எண் புதிதல்ல. சலித்துப் போனவர்கள் இந்தப் பத்திக்கும் அடுத்த பத்திக்கும் மன்னிக்க வேண்டும். பிரான்சில் மேடைக் கலைஞருக்கும் திரைத்துறைத் தொழில்நுட்பக்காரருக்கும் தனி வேலையின்மைக் காப்பீடு உண்டு. 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை பார்த்ததாகக் காட்டினால், கச்சேரி இல்லாத நாட்களுக்கு உதவித்தொகை வரும். இந்த ஏற்பாட்டின் வேர் 1936 வரை போகிறது. ஒரு கச்சேரிக்கு ஒட்டுமொத்தக் கூலி பேசியிருந்தால் அதை 12 மணி நேரமாக எழுதிக்கொள்வார்கள். ஏனென்றால் மேடையில் பாடிய இரண்டு மணி நேரத்துக்குப் பின்னால் ஒத்திகை இருக்கிறது, பயணம் இருக்கிறது, தொண்டையைக் காப்பாற்றுவது இருக்கிறது என்பது அந்த அரசுக்குத் தெரிகிறது. வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 43 மேடை. அவ்வளவுதான்.

நம் மதுரைப் பாடகிக்கு 43 மேடை ஒரு பொருட்டா? வைகாசி, ஆவணி, தை மூன்றும் ஒழுங்காக அமைந்தால், கோயில் கச்சேரியையும் சேர்த்து எட்டிவிடுவார். அதாவது பாரிசில் பிறந்திருந்தால், புரட்டாசியிலும் மார்கழியிலும் சேலைகளுக்கு முன்னால் நின்று பாடும் நாட்களுக்கு அவருக்குப் பணம் வந்திருக்கும். இன்னொன்று: அங்கே மகப்பேறு விடுப்பின் ஒவ்வொரு நாளும் ஐந்து மணி நேரமாக அந்த 507இல் சேரும். கல்யாணம், குழந்தை என்று ஒதுங்கியவரைக் கணக்கிலிருந்து தள்ளிவிடாத ஏற்பாடு இது. 2003இல் இந்த விதிகளை அரசு இறுக்கப் பார்த்தபோது கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவிஞோன் நாடக விழாவே அந்த ஆண்டு நடக்கவில்லை. நம் ஊரில் ரிசப்ஷன் பாடகர்கள் ஒரு முகூர்த்தத்துக்கு மேடை ஏறாவிட்டால் என்ன நடக்கும்? யாரோ ஒரு சித்தப்பா புளூடூத் ஸ்பீக்கரைக் கொண்டுவருவார். ராயல்டி கிடையாது என்று துறையே சொல்லியிருக்கிறதே!

“பிரான்சு பணக்கார நாடு” என்பார்கள். பணக்கார நாடுகளிலும் எல்லாரும் இதைச் செய்யவில்லை. மனம் இருந்தவர்கள் செய்தார்கள்.

இங்கே ஏற்பாடே இல்லையா என்றால், இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்குத் தமிழ்நாட்டில் நல வாரியம் உண்டு. உறுப்பினர்களுக்குத் திருமண உதவித்தொகைகூட உண்டு. நல்ல திட்டம், கரகம் எடுப்பவருக்கும் பறை அடிப்பவருக்கும் இன்னும் கூட்டிக் கொடுக்க வேண்டும். திரைத்துறையினருக்கு ஒரு வாரியம். ஜிஎஸ்டியிலோ, செவ்வியல் அல்லது நாட்டுப்புறக் கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்கு 1,50,000 ரூபாய் வரை வாங்கினால் வரி கிடையாது. சொந்தப் பாட்டைக் கிடாரோடு பாடுகிறவருக்கு இந்தப் பட்டியல்கள் எதிலும் பெயர் இல்லை. அவர் வருமானம் ஜிஎஸ்டி வரம்பை எட்டப்போவதில்லை, அது வேறு. ஆனால் மூன்று இடங்களில் மூன்று அதிகாரிகள் கலைஞர் யார் என்று யோசித்தபோது மூன்று பேருக்குமே இப்படி ஒருவர் நினைவுக்கு வரவில்லை.

இணையம் இருக்கிறதே, பாட்டை ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று சொல்லும் இளைஞர்களுக்கு ஒரு தகவல். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாவிட்டால் பதிவுரிமைத் தொகை ஒரு பைசா வராது. அந்த எல்லைக்குக் கீழே இருந்த பாட்டுகள் சராசரியாக மாதம் 3 சென்ட்தான் ஈட்டின, அதனால் நட்டமில்லை என்று அந்த நிறுவனமே விளக்கம் சொன்னது. 3 சென்ட்! நம் காசுக்கு மூன்று ரூபாய்க்கும் கீழே. அதையும் பிடித்துக்கொள்ள ஒரு விதி. சரி, கேட்கப்பட்டால் மட்டும் கொட்டுகிறதா? ‘எஞ்சாயி எஞ்சாமி’யைக் கேட்காத தமிழர் உண்டா? 2021 மார்ச்சில் வந்து, யூடியூபில் 40 கோடிக்கு மேல் பார்க்கப்பட்ட பாட்டு. அதிலிருந்து தங்களுக்கு இதுவரை எந்த வருமானமும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகப் பேசினார். அவருக்கே அந்தக் கதி. பீரோ முன்னால் நிற்கும் பெண் எதை நம்பி மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொல்வார்?

ஆக மிஞ்சுவது கல்யாண மண்டபம் ஒன்றுதான். தமிழ்நாட்டில் உள்ளூர்ப் பாடகருக்குக் கையில் காசு தருகிற பெரிய மேடை அதுதான். எந்தச் சபாவும் எந்த அரசு விழாவும் அதன் பக்கத்தில் வராது. மார்கழியில் மக்களிசை, சென்னை சங்கமம் எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் ஆண்டில் சில நாள் திருவிழாவை நம்பி யாரும் வீட்டு வாடகை கட்ட முடியாது. அந்த ஒரே மேடையைச் சட்டம் பாட்டுக் கணக்குக்கு வெளியே தள்ளி வைத்திருக்கிறது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாதபடி செய்தோம். மாநிலங்களவையில் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காகப் பேசியதைப் பாராட்டிக் கை தட்டினோம். தட்டிய கையாலேயே கல்யாண வாசலில் அந்தப் பங்கைப் பிடுங்கிக்கொண்டால் அது என்ன உரிமை?

எதிர்த்தரப்பு வாதங்களைப் பார்த்துவிடலாம். அதிக நேரம் ஆகாது. ஏழை வீட்டுக் கல்யாணத்தில் வரி போடுவதா என்பது முதல் வாதம். ஏழை வீட்டைக் காட்டி அரண்மனையைக் காப்பாற்றும் பழைய வித்தை அது. பாடுகிறவருக்குத்தான் கூலி கொடுத்துவிட்டோமே என்பது இரண்டாவது. கூலி தொண்டைக்கு, பாட்டு வேறு யாரோ இரவெல்லாம் உட்கார்ந்து செய்தது. மூன்றாவதாக, 2017இல் இளையராஜா எஸ்.பி.பி.க்கே நோட்டீஸ் அனுப்பியதை எடுத்துப் போடுவார்கள். அமெரிக்காவில் டிக்கெட் போட்டு நடந்த கச்சேரிக்கும் நம் ஊர் ரிசப்ஷனுக்கும் முடிச்சுப் போடுகிறவர்களிடம் பேசிப் பயனில்லை.

ஒரு கேள்வி மட்டும் காதில் வாங்கத் தக்கது. விலக்கை எடுத்தாலும் பணம் சினிமாப் பாட்டு நிறுவனங்களுக்குத்தானே போகும், மதுரைப் பாடகிக்கு என்ன கிடைக்கும்? இன்றைய வசூல் முறையில் ஒன்றும் கிடைக்காது. அதனால்தான் விலக்கை எடுப்பதோடு நிற்கக் கூடாது என்கிறேன். நட்சத்திர ஓட்டல்களும் பெரிய மண்டபங்களும் ஒவ்வொரு ரிசப்ஷனுக்கும் பாடிய பாட்டுப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். பூ அலங்காரத்துக்கும் கேட்டரிங்குக்கும் பில் போடுகிறவர்கள் இருபது பாட்டுப் பெயரை எழுத முடியாதா? வசூலில் நாலில் ஒரு பங்கை, சினிமாவில் இடம்பெறாத பாட்டு எழுதி அந்த ஆண்டு 43 மேடை ஏறியவர்களுக்கு என்று ஒதுக்க வேண்டும். ரிசப்ஷனில் சொந்தப் பாட்டு மூன்று பாடினால் அந்த மண்டபத்துக்குக் கட்டணத்தில் தள்ளுபடி என்று வையுங்கள், ட்ரூப் ஓனரே “உன் பாட்டு எங்கம்மா?” என்று தேடி வருவார். இதை ஒழுங்காகச் செய்தால் பத்தே ஆண்டில் தமிழ்ப் பாட்டு சினிமாவின் பிடியை விட்டு வெளியே வந்துவிடும். ஆண்டுதோறும் இத்தனை கல்யாணம் நடக்கும் மாநிலத்தில் வேறென்ன நடக்கும்?

நீதிமன்றத்தில் அடிபட்ட பிறகும் மறுபடி அறிவிப்பு எழுதத் தயங்காத துறைக்கு இன்னொரு முறை எழுதுவது சிரமமாக இருக்காது. விலக்கு தொடரட்டும்: ஊராட்சி சமுதாயக் கூடத்துக்கு, கோயில் மண்டபத்துக்கு, வீட்டு வாசல் பந்தலுக்கு. மற்ற எல்லா இடத்திலும் அடுத்த வைகாசி முதல் பில் போடட்டும்.