கேம்தானே என்று விட முடியாது: சைடு குடுங்க!

ஆன்லைன் ரேஸ் விளையாடுற யாரைக் கேட்டாலும் முதல் வளைவைப் பத்தி ஒரு புலம்பல் இருக்கும். இருபது கார் கிளம்பும். வளைவு வருவதற்கு நூறு மீட்டர் முன்னாலேயே எல்லாரும் பிரேக் பிடிப்பாங்க, ஒருத்தரைத் தவிர. அவர் உள்பக்கமா முழு வேகத்தில் வந்து, திரும்பிக்கொண்டிருக்கும் நாலு கார் மேல சாய்ந்து தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். அந்த நாலு பேரும் மண்ணில் கிடப்பாங்க. அவர் ஒன்பதாவது இடத்திலிருந்து மூணாவது இடத்துக்குப் போய், சாட்டில் ஒரு சிரிப்பு எமோஜி போடுவார். யாராவது கேட்டால் ரெடியா ஒரு பதில் இருக்கு: "கேம்தானே மச்சி, விடு."

விட முடியாதுன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன்.

எனக்கு ஊர் கீழ் கோத்தகிரி. எங்க ஊர் ரோட்டைப் பார்க்காதவங்களுக்காக: ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, இன்னொரு பக்கம் பள்ளம், நடுவில் ஒரு பஸ் முழுசாகவும் இன்னொரு பஸ் முக்கால்வாசியும் போகிற அளவுக்கு ரோடு. பச்சைத் தேயிலை ஏத்திக்கிட்டு லாரி மேலே ஏறி வரும்போது எதிரே ஒரு வண்டி இறங்கி வந்தால், இறங்குற வண்டிதான் நின்னு ஒதுங்கணும். இது டிரைவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட மரியாதை மட்டும் இல்லை. மத்திய அரசின் 1989 சாலை விதிமுறைகளிலும் இருந்தது, அதற்குப் பதிலாக வந்த 2017 விதிமுறைகளிலும் இருக்கு. காரணத்தை மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாரத்தோடு ஏத்தத்தில் நின்றுபோன வண்டியை மறுபடி கிளப்புறது கிளட்சுக்கும் டிரைவருக்கும் சேர்த்தே சோதனை.

இதுக்கு எங்க பக்கம் பேர் சைடு குடுக்குறது. மலையில் ஒருத்தரை நல்ல டிரைவர்னு சொன்னால் வேகமா ஓட்டுவார்னு யாரும் புரிஞ்சுக்க மாட்டாங்க. எங்கே ஒதுங்கணும், எந்த வளைவில் ஹாரன் அடிக்கணும், பனி இறங்கினால் எதிரே வர்றவர் கண்ணில் லைட் அடிக்காமல் எப்படி டிம் பண்ணணும்னு தெரிஞ்சவர்னு அர்த்தம்.

ரேஸில் சுத்தமா ஓட்டுறதுன்னு சொல்றதும் கிட்டத்தட்ட இதுதான். பக்கத்தில் ஒரு கார் வந்துவிட்டால் அதுக்கு ஒரு கார் அகலம் இடம் விடணும். ஸ்பின் ஆகிவிட்டால் பிரேக்கை அழுத்திப் பிடிச்சு அப்படியே நிக்கணும், அப்போதான் பின்னால் வர்றவங்களுக்கு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியும். பிரேக்கை விட்டால் கார் தன் இஷ்டத்துக்கு உருண்டு யாராவது ஒருத்தர் முன்னால் போய் நிக்கும். மண்ணுக்குப் போயிட்டுத் திரும்பி டிராக்குக்குள் வரும்போது காத்திருந்து வரணும். இதையெல்லாம் விட முக்கியமா நான் நினைப்பது ஒண்ணு: நீ இடிச்சதால் ஒரு இடம் கிடைச்சிருந்தால், ஆக்ஸிலரேட்டரை விட்டு, அவர் முன்னால் போகும்வரை காத்திருந்து அந்த இடத்தைத் திருப்பிக் குடு. தெரியாம இடிச்சிருந்தாலும் சரி.

இதுக்கெல்லாம் மொத்தமா இங்கிலீஷில் ஸ்போர்ட்ஸ்மன்ஷிப்னு சொல்லிடுறோம். தமிழில் என்ன எழுதுறதுன்னு யோசிச்சேன் (இங்கிலீஷ் மீடியத்தில் படிச்சதுக்கு இதுதான் தண்டனை). பெருந்தன்மைன்னு எழுதிப் பார்த்தேன், சரியா வரல. பெருந்தன்மைன்னா குடுக்காம இருந்தாலும் தப்பில்லைன்னு ஒரு அர்த்தம் உள்ளே இருக்கு. ஏறி வர்ற லாரிக்கு இடம் விடுறது தானம் இல்லையே. அது அந்த லாரிக்குச் சேர வேண்டியது. அதனால் சைடு குடுக்குறதுன்னே வைத்துக்கொள்கிறேன்.

இதையெல்லாம் சாஃப்ட்வேரே பார்த்துக்காதான்னு கேட்கலாம். முயற்சி பண்ணியிருக்காங்க. 2008-ல் வந்த ஐரேசிங்கில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு சேஃப்டி ரேட்டிங் இருக்கு. டிராக்கை விட்டு வெளியே போனால் 1 புள்ளி, கட்டுப்பாடு இழந்தால் 2, இன்னொரு காரோட பலமா மோதினால் 4. இந்தப் புள்ளிகள் சேரச் சேர ரேட்டிங் இறங்கும், மேல் லைசென்ஸ் கிடைக்காது. இதில் எல்லாரும் திட்டுற விஷயம் ஒண்ணு இருக்கு. மோதினால் ரெண்டு பேருக்குமே 4 புள்ளி. யார் தப்புன்னு சிஸ்டம் கேட்கவே கேட்காது.

கேட்கும்போது அநியாயமாத்தான் தெரியும். ஆனால் எனக்கு இது சரின்னுதான் படுது. மலை ரோட்டில் வளைவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் தப்பா ஏறி வருவான்னு தெரிஞ்சேதான் ஓட்டுறோம். பள்ளத்தில் போய் விழுந்த பிறகு "அவன் மேலதான் தப்பு"ன்னு நிரூபிச்சு என்ன பயன்? ஐரேசிங்கின் கணக்கும் அப்படித்தான் ஒருத்தரைப் பழக்குது: முன்னால் ரெண்டு பேர் முறைச்சுக்கிட்டு ஓட்டுறாங்கன்னு தெரிஞ்சால் கொஞ்சம் தள்ளியே வருவோம். கிரான் டூரிஸ்மோ வேற வழியில் போச்சு. 2017-ல் வந்த கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டில் ஆன்லைன் ரேஸுக்குள் நுழையணும்னா முதலில் ஒழுங்கா ஓட்டுறதைப் பத்தி ரெண்டு வீடியோ பார்த்தே ஆகணும். யார் தப்புன்னு கண்டுபிடிச்சுப் பெனால்ட்டி போடவும் அந்த கேம் முயற்சி பண்ணுச்சு. விளைவு, அடி வாங்கினவனுக்கே பெனால்ட்டி விழுதுன்னு விளையாடுறவங்க கத்தினாங்க. மனசுக்குள் என்ன நினைச்சு ஸ்டியரிங்கைத் திருப்பினான்னு சாஃப்ட்வேரால் பார்க்க முடியாது.

பெரிய ரேசர்களே இதில் ஒழுங்கில்லையேன்னு அடுத்த வாதம் வரும். உடனே அயர்டன் சென்னாவைக் கூட்டிட்டு வருவாங்க. இடைவெளி தெரிஞ்சால் நுழையாதவன் ரேசரே இல்லைங்கிற மாதிரி அவர் பேசின வீடியோவை நீங்களும் ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. அது எப்போ பேசியதுன்னு ரீல்ஸ் சொல்லாது. 1990 ஜப்பான் கிராண்ட் பிரீயில் முதல் வளைவிலேயே ப்ரோஸ்ட்டை இடித்துத் தள்ளி சாம்பியன் பட்டம் வாங்கின பிறகு, அதைப் பத்திக் கேள்வி கேட்டப்போ குடுத்த பதில் அது. அடுத்த வருஷம் அதே ஜப்பானில், அந்த மோதல் வேணும்னே செய்ததுதான்னு சென்னாவே பத்திரிகையாளர்கள் முன்னால் சொல்லிட்டார். அவர் எவ்வளவு பெரிய ஆளா வேணா இருக்கட்டும், அந்த ஒரு வீடியோவை வைத்து லாபியில் பாடம் எடுக்காதீங்க. ஷூமாக்கர் 1997-ல் ஹெரெஸில் வில்நெவ்வை இடிச்சப்போ, அந்த வருஷ சாம்பியன்ஷிப் பட்டியலில் இருந்தே அவரை எடுத்துட்டாங்க.

நிஜ கார் ஓட்டுறவங்க ஆன்லைனுக்கு வந்தால் எப்படி நடந்துப்பாங்கன்னு பார்க்க 2020 லாக்டவுன் ஒரு பெரிய லேப் மாதிரி அமைஞ்சது. மே 2 அன்னிக்கு இண்டியானாபொலிஸ் டிராக்கில், ஐரேசிங்கில், இண்டிகார் டிரைவர்கள் ஓட்டினாங்க. ஃபார்முலா ஒன்லிருந்து விருந்தாளியா வந்த லாண்டோ நோரிஸ் கடைசிச் சுற்றுகளில் முன்னணியில் இருந்தார். அதே டிராக்கில் அதுக்கு முந்தின வருஷம் நிஜ இண்டி 500 ஜெயிச்ச சைமன் பஜெனோ, ஏற்கெனவே மோதலில் சிக்கிப் பின்தங்கியிருந்தவர், வேணும்னே மெதுவா ஓட்டி நோரிஸ் பாதையில் வந்தார். நோரிஸ் ரேஸ் அங்கேயே முடிஞ்சது. ஃபினிஷ் கோட்டுக்குப் பக்கத்தில் சான்டினோ ஃபெருச்சி, ஆலிவர் ஆஸ்க்யூவை இடிச்சார். கடைசியில் ஸ்காட் மெக்லாக்லின் ஜெயிச்சார். லைவா ஒளிபரப்பான ரேஸ் இது. மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் ஒருத்தரை ஒருத்தர் நம்பி ஓட்டித்தான் இவங்க சம்பாதிக்கிறாங்க. நிஜத்தில் கனவில்கூட நினைக்காததை, ரீசெட் பட்டன் இருந்ததால் செஞ்சாங்க. அதே மாசம் 23-ம் தேதி ஃபார்முலா ஈ டிரைவர் டேனியல் ஆப்ட் இன்னும் ஒரு படி மேலே போய், தன் பேரில் ஒரு சிம் ரேசரை ஓட்ட விட்டு மாட்டிக்கிட்டார். 10,000 யூரோ அபராதம், ஆடி டீமிலிருந்து சஸ்பென்ஷன். பரீட்சைக்கு ஆள் வைக்கிறது நம்ம ஊரில் மட்டும்தான்னு நினைச்சிருந்தேன்.

ஆன்லைனில் மட்டும் இருக்கிற ஒரு சிக்கல், பிங். மணிக்கு 200 கிலோமீட்டர்னா செகண்டுக்கு சுமார் 55 மீட்டர். ஒருத்தருக்கு நெட் 200 மில்லிசெகண்ட் தாமதமா வருதுன்னா, அந்த நேரத்தில் கார் 11 மீட்டர் நகர்ந்திருக்கும், அதாவது ரெண்டு கார் நீளத்துக்கும் மேல. உங்க ஸ்கிரீனில் தெரியிற என் கார், நான் இருக்கிற இடத்தில் இல்லை. இருக்கலாம்னு உங்க கம்ப்யூட்டர் கணிச்ச இடத்தில் இருக்கு. உங்க பக்கம் மோதல், என் பக்கம் ஒரு அடி இடைவெளி, ரெண்டும் ஒரே நேரத்தில் உண்மையா இருக்கலாம். எங்க ஊரில் மழை பிடிச்சால் கரண்டும் போகும், சிக்னலும் போகும். லீவுக்கு வீட்டுக்குப் போய் ஓட்டினால் பிங் எகிறும். அப்படி நான் ஓட்டும்போது கடைசியிலிருந்து கிளம்புவேன், வளைவுக்குள் யாரோடும் ஒட்டிப் போக மாட்டேன். பதிலுக்கு எதிர்பார்க்கிறதும் அரை கார் அகலம் கூடுதல் இடம்தான். கிடைக்கிறது பெரும்பாலும் "நெட் இல்லாதவன் எதுக்குடா வர்ற"ங்கிற கேள்விதான்.

அந்தக் கேள்விதான் எனக்குப் பிரச்சினை. நம்ம பக்கம் ரேஸுக்கு ஒரு நல்ல வரலாறு இருக்கு. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதின்னு ரேஸ் கார் கட்டினார். குறைஞ்ச செலவில் நம்ம பசங்க ஓட்டணுங்கிறதுக்காகக் கட்டின கார் அது. நம்ம நாட்டிலிருந்து முதல்முதலா, 2005-ல், ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டினவர்தான். செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேரில் இருக்கிறது சும்மா இல்லை. ஆனாலும் சின்ன வயசிலிருந்தே கார்ட்டிங், டயர், என்ட்ரி ஃபீஸ்னு லட்சக்கணக்கில் போகிற விளையாட்டு இது. தேயிலைத் தோட்டத்து வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாசல் திறக்காது. பழைய லேப்டாப்பும் ஒரு கன்ட்ரோலரும் இருந்தால் சிம் ரேசிங் திறக்கும். 2011-ல் கிரான் டூரிஸ்மோ போட்டியில் ஜெயிச்ச ஜான் மார்டன்பரோ, 2013-ல் லெ மான் 24 மணி நேர ரேஸில் நிஜமாவே ஓட்டினார். எல்லாருக்கும் அப்படி நடக்கப் போறதில்லை. ஆனால் வாசலாவது இருக்கணும் இல்லையா?

அந்த வாசலில்தான் முதல் வளைவு ஹீரோக்கள் உட்கார்ந்திருக்காங்க. ராத்திரி பத்து மணிக்கு நம்ம பக்கத்து சர்வரில் ஒரு ரூமில் பன்னிரண்டு பேர் சேர்றதே அபூர்வம். ஒருத்தர் மூணு ரேஸ் இப்படி ஓட்டினால் ஆறு பேர் கிளம்பிடுவாங்க. முதலில் போறது புதுசா வந்தவங்க, கன்ட்ரோலரில் ஓட்டுறவங்க, பொண்ணு குரல்னு தெரிஞ்ச உடனே குறி வைக்கப்படுறவங்க. ஸ்டியரிங், பெடல், நல்ல ஃபைபர் கனெக்‌ஷன் இருக்கிறவங்க கடைசி வரைக்கும் இருப்பாங்க. ஏன்னா அவங்களுக்குப் போக வேற லீக் இருக்கு.

"அப்போ எல்லாரும் ஊர்வலம் மாதிரி வரிசையா போகணுமா?"ன்னு ஹாஸ்டலில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. யூடியூபில் 1979 பிரெஞ்சு கிராண்ட் பிரீ, டிஜோன் டிராக்கில் நடந்தது, கடைசி சில சுற்றுகளைப் பாருங்க. கில் வில்நெவ்வும் ரெனே ஆர்னூவும் இரண்டாவது இடத்துக்காகச் சண்டை போடுறாங்க. சக்கரத்தோடு சக்கரம் பல தடவை உரசுது, ரெண்டு பேரும் வெளியே போய் உள்ளே வர்றாங்க. ஐரேசிங்கா இருந்திருந்தால் ரெண்டு பேர் லைசென்ஸும் அன்னிக்கே கிழிஞ்சிருக்கும். ஆனால் ரெண்டு பேருமே ரேஸை முடிச்சாங்க. ஒவ்வொரு வளைவிலும் இன்னொருத்தர் பிழைக்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் அந்த உரசல் எல்லாம். அந்த ரேஸை ஜெயிச்சது ழாபுயி, ரெனோவின் டர்போ இன்ஜினுக்கு அதுதான் முதல் வெற்றி. அதைப் பத்தி இன்னிக்குப் பேசுறவங்க குறைவு. ரெண்டாவது இடத்துக்கு நடந்த சண்டையைத்தான் எல்லாரும் பார்க்கிறாங்க. மூணு வளைவு பக்கத்தில் பக்கத்தில் போய்ப் பாருங்க, இடிச்சுத் தள்ளுறதை விட கை நடுங்கும்.

இப்போ நம்ம ஃபெஸ்ட் விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் சிம் ரேசிங் ஈவென்ட் விதிகளில் காரும் டிராக்கும் நேரமும் இருந்துச்சு, மோதினால் என்னன்னு ஒரு வரிகூட இல்லை. இந்த வருஷம் சேர்க்கணும். தகுதிச் சுற்றுகளில் ஐரேசிங் மாதிரி ரெண்டு பேருக்கும் சமமா புள்ளி போட்டால் போதும், விவாதமே வேணாம். பரிசு இருக்கிற ஃபைனலுக்கு மட்டும் ரீப்ளே பார்க்க மூணு பேர், மூணு வேற டிபார்ட்மென்ட்டிலிருந்து. இடிச்சவர் ஒரு சுற்றுக்குள் இடத்தைத் திருப்பிக் குடுத்துட்டால் பெனால்ட்டி கிடையாது. குடுக்கலைன்னா பத்து செகண்ட். முதல் சுற்றுக்கு இது ரெட்டிப்பு.

அந்த மூணு பேரில் ஒருத்தரா உட்கார நான் ரெடி. அப்படி உட்கார்ந்தால் ஃபைனலில் நான் ஓட்ட முடியாதுன்னு தெரியும், கடைசி வருஷம் வேற. பரவாயில்லை. இன்னும் ரெண்டு பேர் வேணும். ஈ.சி.ஈ.யிலிருந்து யாராவது பெயர் குடுத்தால் நெட் தாமதத்தைப் பத்தியும் ஒரு வரி சேர்த்து எழுதலாம்.